ஸ்கூட்டரில் ‘கட கட’ சத்தம்: இன்ஜினை இறக்கச் சம்மதிப்பதற்கு முன்

உங்கள் கேள்வி சுருக்கமாக இதுதான். ஆறு வருடம் ஓடிய, கியர் இல்லாத 110 சிசி ஸ்கூட்டர். 38,000 கிலோமீட்டர் ஆகிவிட்டது. ஒரு மாதமாக சிக்னலில் நிற்கும்போது அடியிலிருந்து ‘கட கட’ என்று சத்தம் வருகிறது. மெக்கானிக் குனிந்து கேட்டுவிட்டு, “கனெக்டிங் ராடு போயிடுச்சுங்க, இன்ஜினை இறக்கணும், பதினோராயிரம் ஆகும்” என்கிறார். நம்பலாமா, அதுவரை வண்டியை ஓட்டலாமா என்று கேட்கிறீர்கள்.

போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரியில்தான் என் கண் நின்றது: “கிளம்பிவிட்டால் சத்தம் தெரிவதில்லை.” கனெக்டிங் ராடு என்பது பிஸ்டனின் தள்ளலைச் சுற்றும் தண்டுக்குக் கடத்தும் கம்பி. அது போன வண்டி நிற்கும்போது கத்திவிட்டு ஓடும்போது வாயை மூடிக்கொள்ளாது. நின்றால் கொஞ்சம் அடங்கும், ஆளை ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறும்போதுதான் உள்ளே சுத்தியல் அடிக்கும். அதனால் பதினோராயிரத்தை இப்போதைக்குப் பையிலேயே வைத்திருங்கள். ஓட்டலாமா என்ற கேள்விக்கு, ஆயில் குச்சியைப் பார்க்கும்வரை ஓட்ட வேண்டாம். அது ஐந்து நிமிட வேலை.

நான் மெக்கானிக் இல்லை. கோவை கணபதியில் எங்களுக்கு லேத் பட்டறை இருக்கிறது. மெக்கானிக்குகள் கழற்றிக் கொண்டுவரும் கிராங்கை, அதாவது அந்தச் சுற்றும் தண்டை, பிரஸ்ஸில் வைத்துப் பிரித்து, புது ராடு போட்டு, நிமிர்த்திக் கொடுப்பது எங்கள் வேலை. சிலிண்டரைக் கடைந்து கொடுக்கும் போர் வேலையும் உண்டு. இருபது வருடத்தில் என் மேஜைக்கு வந்த ஸ்கூட்டர் கிராங்குகளில் சில, ராடில் எந்தக் கோளாறும் இல்லாமல் வந்தவை. சத்தம் வேறெங்கிருந்தோ வந்திருக்கும், இவர்கள் கிராங்கைக் கழற்றிவிட்டார்கள். அந்த எரிச்சலில்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் ஆயில். வண்டியைச் சமதளத்தில் சென்டர் ஸ்டாண்டு போட்டு, இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். ஆயில் கீழே வடிய இன்னும் இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள். குச்சியை எடுத்துத் துடைத்து, மறை திருகாமல் துளையில் சும்மா வைத்து எடுத்துப் பாருங்கள். திருகிப் பார்த்தால் அளவு கூடுதலாகக் காட்டும், பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள். இந்த இன்ஜின்களுக்குள் இருப்பதே முக்கால் லிட்டர் அளவு எண்ணெய்தான். அதில் கால் லிட்டர் எரிந்துபோனால் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. கார் போல ஆயில் குறைந்தால் எரியும் சிவப்பு விளக்கும் பெரும்பாலான ஸ்கூட்டர்களில் கிடையாது. குச்சியின் நுனியில்கூட ஒட்டவில்லை என்றால் ஸ்டார்ட் செய்யவே வேண்டாம், ஆயில் ஊற்றிய பிறகுதான் மற்ற பேச்சு. அளவு சரியாக இருந்தால் மேலே படியுங்கள்.

சத்தத்துக்கு உடனே பெயர் வைக்காதீர்கள். பட்டறைக்கு வருபவர்கள் “டேப்பட் சத்தம்”, “பேரிங் சத்தம்” என்று பெயரோடு வருவார்கள். நான் கேட்பது மூன்றே கேள்வி. எந்தப் பக்கம்? இன்ஜின் ஆறியிருக்கும்போதா, சூடான பிறகா? ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் கொடுத்தால் கூடுகிறதா, குறைகிறதா, மறைந்தே போகிறதா? இதற்குப் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

பக்கத்தைப் பற்றி முதலில் சொல்கிறேன். உங்கள் வண்டியின் இடதுபுறம் பின்சக்கரம் வரை நீண்டிருக்கும் அந்தப் பெரிய மூடிக்குள் இன்ஜின் இல்லை. அங்கே ஓடுவது பெல்ட். முன்னால் வேகத்துக்கேற்பப் பெல்ட்டை நகர்த்தும் வேரியேட்டர், அதற்குள் ஆறு ரோலர்கள், பின்னால் கிளட்ச். கிக்கரின் பல்லும் அந்த மூடியோடுதான் இருக்கிறது. வலதுபுறம் மேக்னட், அதன் மேல் இன்ஜினைக் குளிர்விக்கும் பிளாஸ்டிக் ஃபேன். நடுவில், கால் வைக்கும் பலகைக்குப் பின்னால் ஏறக்குறையப் படுத்தாற்போல் இருப்பதுதான் சிலிண்டரும், அதன் தலைமூடியான ஹெட்டும். வால்வு, அதை அழுத்தித் திறக்கும் டேப்பட், டைமிங் செயின், பிஸ்டன், ராடு எல்லாம் இந்த நடுப்பகுதியில். ‘இன்ஜின் சத்தம்’ என்று என்னிடம் வருவதில் பெரும்பகுதி இடதுபக்க மூடிக்குள்ளிருந்து வருவது. அங்கே எது கெட்டாலும் இன்ஜினை இறக்க வேண்டியதில்லை.

பக்கம் கண்டுபிடிக்க நீளமான திருப்புளி ஒன்று போதும். உலோக நுனியைச் சந்தேகப்படும் இடத்தில் அழுத்தி, பிடியைக் காதுக்கு முன்னால் இருக்கும் எலும்பில் வைத்துக்கொள்ளுங்கள். வெளியே ஒரே இரைச்சலாகக் கேட்பது இதில் தனித்தனியாகப் பிரிந்துவிடும். ஹெட்டில் வைத்தால் டேப்பட்டின் ‘டிக் டிக்’ பல்லில் தட்டுவதுபோல் வரும். அப்படியே இடது மூடியின் முன்பகுதிக்கு நகர்த்துங்கள். அந்த டிக் டிக் மங்கி, வேரியேட்டரின் சலசலப்பு தெரியும். எங்கே கூர்மையாகக் கேட்கிறதோ அங்கேதான் பிறப்பிடம். இதைத் திறந்தவெளியில் செய்யுங்கள், மூடிய போர்ட்டிகோவில் புகை சேரும். ஸ்டாண்டில் பின்சக்கரம் சுற்றும், எனவே துப்பட்டா, வேட்டி நுனி, சைலன்சர் எல்லாவற்றிலும் கவனம் வேண்டும்.

இப்போது உங்கள் வண்டிக்கு வருகிறேன். நான் முதலில் சந்தேகப்படுவது வேரியேட்டருக்குள் இருக்கும் மிகச் சின்ன ஒரு பொருளை. ரோலர்களைப் பின்னாலிருந்து தாங்கும் தகடு ஒன்று உண்டு. அதன் மூன்று முனைகளிலும் பிளாஸ்டிக் துண்டுகள் மாட்டியிருக்கும். ஸ்லைடு பீஸ் என்பார்கள். அது தேய்ந்துவிட்டால் தகடு லேசாக ஆடும். ஸ்லோவில், அதாவது ஆக்சிலரேட்டர் கொடுக்காமல், ஓடும்போது ஒற்றைச் சிலிண்டர் இன்ஜின் சீராகச் சுற்றாது, ஒவ்வொரு வெடிப்புக்கும் ஒரு தள்ளு தள்ளும். அந்தத் தள்ளலில் தகடு கட கட என்று அடித்துக்கொள்ளும். ஆக்சிலரேட்டரைத் தொட்டதும் ரோலர்கள் சுழற்சி வேகத்தில் வெளியே ஒதுங்கித் தகட்டை இறுக்கிப் பிடித்துவிடும், சத்தம் போய்விடும். “சிக்னலில் நிற்கும்போது இருக்கிறது, கிளம்பினால் இல்லை” என்பதற்கு இதைவிடப் பொருத்தமான காரணம் எனக்குத் தெரியவில்லை.

சோதித்துப் பாருங்கள். சென்டர் ஸ்டாண்டில் ஸ்லோவில் ஓடவிட்டுச் சத்தத்தைக் கேளுங்கள். ஆக்சிலரேட்டரை நூலிழை அளவு திருப்புங்கள், பின்சக்கரம் வேகமெடுக்கும் அளவுக்கு வேண்டாம். அந்த இடத்திலேயே கட கட நின்றுவிட்டால் வேரியேட்டர்தான் என்று தொண்ணூறு சதம் சொல்வேன். ஓடும்போது காற்றிலும் போக்குவரத்திலும் சத்தம் மறைந்திருக்கலாம் என்ற சந்தேகமும் இதில் தீர்ந்துவிடும்.

கூடவே பிக்கப் குறைந்திருக்கிறதா, குறிப்பிட்ட வேகத்தில் வண்டி தயங்கித் தயங்கிப் போகிறதா என்றும் பாருங்கள். அப்படியானால் ரோலர்களே ஒருபக்கம் தட்டையாகத் தேய்ந்திருக்கும். உருண்டையாக இருக்க வேண்டியதைக் கையில் எடுத்து மேஜையில் உருட்டினால் ‘டக்’ என்று ஒரு பக்கம் உட்கார்ந்துவிடும். பெல்ட்டையும் அப்போதே பார்த்துவிடலாம். 24,000 கிலோமீட்டரில் பெல்ட்டை மாற்றச் சொல்லும் கையேடுகள் உண்டு. உங்களுடையது 38,000-லும் கம்பெனி போட்ட பெல்ட்டாகவே இருந்தால், சத்தத்துக்குக் காரணமாக இல்லாவிட்டாலும் மாற்றிவிடுங்கள். ஓரம் நார் நாராகப் பிரிந்த பெல்ட் மூடிக்குள் ‘பட் பட்’ என்று அடிக்கும். ஒருநாள் நடுரோட்டில் அறுந்து விடும்.

கிளட்ச் சத்தம் வேறு மாதிரி. வண்டி நகரத் தொடங்கும் அந்த ஒரு நொடியில் மட்டும் ‘கிர்ர்’ என்று நடுங்கும், அப்புறம் இருக்காது. கிளட்ச் பெல்லுக்குள் தூசி, ஷூவில் பளபளப்பு. சுத்தம் செய்து லேசாகத் தேய்த்துக் கொடுத்தாலே பல நேரம் சரியாகிவிடும். அதற்கும் பின்னால், சக்கரத்தின் பக்கத்தில் ஒரு சிறிய கியர் பெட்டி இருக்கிறது. அதற்குத் தனி ஆயில், ஒரு டம்ளர்கூட வராது. இன்ஜின் ஆயில் மாற்றும்போது இதை மறந்தே விடுவார்கள். வேகமாகப் போய் ஆக்சிலரேட்டரை விட்டதும் பின்னாலிருந்து ‘உய்ங்’ என்று ஓலம் கேட்டால் அங்கே பாருங்கள்.

இனி நடுப்பகுதி. எல்லாரும் பழிபோடுவது டேப்பட் மேல்தான். அது ஒரு வேகமான, மெல்லிய டிக் டிக். ஸ்லோவில் கிராங்க் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,700 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், நொடிக்கு 28. வால்வுகளை இயக்கும் கேம் அதில் பாதி வேகத்தில் சுற்றும், அதாவது நொடிக்கு 14. டேப்பட் தட்டுவது இந்தப் பாதி வேகத்தில்தான். அதனால்தான் அது இரைச்சலாகக் கலக்காமல் தையல் மெஷின் போலத் தனியாகக் கேட்கிறது. ஆளை ஏற்றினாலும் இறக்கினாலும் இதன் தன்மை மாறாது. டேப்பட்டுக்கும் வால்வுக்கும் நடுவே வைக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கை ஒட்டியது. ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டை வைத்து, இன்ஜின் நன்றாக ஆறியபிறகு வைக்க வேண்டும். காலையில் முதல் வேலையாகச் செய்யச் சொல்லுங்கள். மதியம் வண்டியை ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தியதும் வைத்துத் தந்தால் அது சரியான இடைவெளி கிடையாது.

இதில் ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும். லேசாக டேப்பட் சத்தம் இருப்பது நல்லது. “சத்தமே வரக்கூடாது” என்று வாடிக்கையாளர் நச்சரித்தால் மெக்கானிக் டைட் வைத்துக் கொடுத்துவிடுவார். வண்டி அமைதியாகப் போகும், இரண்டு பேருக்கும் சந்தோஷம். ஆனால் வால்வு முழுதாக மூடாமல் எக்ஸாஸ்ட் பக்கம் கருகிக்கொண்டிருக்கும். சில மாதத்தில் காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். ஹெட்டை இறக்கிப் பார்த்தால் வால்வின் ஓரம் கடித்த முறுக்கு மாதிரி இருக்கும். இப்படி வந்த ஹெட்டுகளுக்கு வால்வு சீட் வெட்டிக் கொடுத்திருக்கிறேன்.

டேப்பட் என்று நினைத்து ஏமாறும் இன்னொரு சத்தம் சைலன்சர் பேக்கிங் கசிவு. சைலன்சரின் வளைகுழாயான பெண்டு பைப் ஹெட்டோடு சேரும் இடத்தில் உள்ள வளையம் போய்விட்டால், ஒவ்வொரு முறை புகை வெளியேறும்போதும் அங்கே ‘டிக்’ என்று வெடிக்கும். புகை வெளியேறுவதும் கிராங்கின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான். டேப்பட்டின் அதே தாளம் என்பதால் காதால் மட்டும் பிரிப்பது கஷ்டம். வித்தியாசம் என்னவென்றால், இது காலையில் பலமாக இருக்கும், உலோகம் சூடாகி விரிந்ததும் குறையும். இணைப்பைச் சுற்றிக் கரி படிந்திருக்கும். பேக்கிங் விலை ஒரு டீ, வடைக் காசு. பிளக் லூசாக இருந்தாலும் ‘ப்ஸ் ப்ஸ்’ என்று இதே பாணியில் ஊதும்.

டைமிங் செயின் தளர்ந்தால் கலகலவென்று சங்கிலியைத் தகரத்தில் உரசுவதுபோல் வரும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில நொடி, அப்புறம் ஆக்சிலரேட்டரைக் கொடுத்து விடும்போது. பெரும்பாலும் செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரை மாற்றினால் தீரும். பிஸ்டன் தளர்ந்த சத்தமும் காலையில்தான், ஆனால் கலகலப்பு இருக்காது, காலிப் பானையைத் தட்டுவதுபோல் ‘டப டப’. சூடாகிப் பிஸ்டன் விரிந்ததும் அடங்கும். நீலப்புகையும் இல்லை, ஆயிலும் குறையவில்லை என்றால் அதோடு வருடக்கணக்கில் ஓட்டலாம். போர் வேலை செய்து பிழைக்கும் நானே சொல்கிறேன்.

ஆக, பயப்பட வேண்டிய சத்தம் எது? இரண்டு. ஒன்று, ராடின் பெரிய முனையில் உள்ள பேரிங் போனால் வரும் கனமான ‘டொக் டொக்’. மெல்லிய டிக் டிக் காதில் கேட்கும், இது காலுக்கடியில் பலகையிலேயே உணரத் தெரியும். பின்னால் ஆளை வைத்து காந்திபுரம் மேம்பாலம் ஏறும்போது கூடும், சமதளத்தில் ஆக்சிலரேட்டரை விட்டால் குறையும். சூடாக ஆக ஆயில் இளகி இன்னும் மோசமாகும். நாளுக்கு நாள் வளரும். இரண்டு, கிராங்கின் பக்கவாட்டுப் பேரிங். அது தட்டாது, அரைக்கும். வேகத்தோடு சுருதி ஏறும் ஒரு முனகல், திருப்புளியில் கேட்டால் மணல் அரைபடுவதுபோல் இருக்கும். இந்த இரண்டில் எதுவானாலும் வண்டியை நிறுத்திவிட்டு ஏற்றிக்கொண்டுதான் போக வேண்டும். ஓட்டினால் ராடு உடைந்து கிராங்க் கேஸையே கிழித்துவிடும். பிறகு பதினோராயிரத்தில் முடியாது.

இந்த இரண்டையும் ஊர்ஜிதப்படுத்த இன்ஜினைத் திறக்காமலே இரண்டு வழி உண்டு. ஆயிலை வெள்ளைத் துணி விரித்த தட்டில் வடியுங்கள். வெயிலில் பார்த்தால் மினுக்கம் தெரிகிறதா? ஒரு காந்தத்தைக் கவரில் சுற்றி அதில் துழாவுங்கள். காந்தத்தில் ஒட்டினால் இரும்பு: பேரிங், ராடு, கேம், செயின் இவற்றில் ஏதோ தேய்கிறது. ஒட்டாத வெள்ளி மினுக்கம் அலுமினியம், பிஸ்டன் பக்கம். லேசான சாம்பல் பசை காந்தத்தில் ஒட்டுவது இயல்பு, அதற்குப் பதற வேண்டாம். விரலில் உருட்டினால் நெருடும் துகள்தான் கெட்ட செய்தி.

இரண்டாவது வழிதான் முக்கியம். உங்கள் மெக்கானிக்கிடம் இதை மட்டும் கேளுங்கள்: “அண்ணா, பெல்ட்டைக் கழற்றிட்டு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்க.” இடது மூடியைத் திறந்து, பெல்ட்டையும் ரோலர் கிண்ணத்தையும் எடுத்துவிட்டு, முன் முகத் தட்டை நட்டோடு திரும்ப இறுக்கி, செல்ஃபில் ஸ்டார்ட் செய்து அரை நிமிடம் ஸ்லோவில் ஓடவிட வேண்டும். கைபழகியவருக்கு அரைமணி நேர வேலை. சத்தம் மறைந்தால் கோளாறு கழற்றி வைத்த பாகங்களில். அப்படியே இருந்தால் இன்ஜினுக்குள். இதை நீங்களே வீட்டில் முயல வேண்டாம். அந்த நட்டை அளவாக இறுக்காவிட்டால் தட்டு ஆடி கிராங்கின் பல்வரிசையைத் தின்றுவிடும். அந்த நட்டு லூசாக இருப்பதே சில வண்டிகளில் சத்தத்துக்குக் காரணம், கழற்றும்போது சுலபமாக வந்துவிட்டதா என்றும் கேட்டு வையுங்கள்.

போன வருடம் ஒரு பள்ளி ஆசிரியையின் ஸ்கூட்டர் கிராங்க் என் மேஜைக்கு வந்தது. இன்ஜின் இரண்டாகப் பிளந்தாயிற்று, ராடு மாற்றச் சொல்லிக் கூடவே அவரையும் அழைத்து வந்திருந்தார் மெக்கானிக். ராடைப் பிடித்து இடம் வலமாக ஆட்டி, “பாருங்க மேடம், எவ்வளவு ஆடுது” என்றார். ஆடியது. அந்த அம்மா முகம் வாடிவிட்டது. நான் ராடை வாங்கி, கிராங்கை மேஜையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ராடை மேலும் கீழுமாக நேர்க்கோட்டில் இழுத்துப் பார்த்தேன். ஒரு துளி அசைவில்லை. பக்கவாட்டில் ஆடுவது கம்பெனியே வைத்த இடைவெளி, புது ராடு போட்டாலும் ஆடும். மேலும் கீழும் ‘டக்’ என்று இடித்தால்தான் பேரிங் போயிருக்கிறது. பேரிங்கில் ஆயில் தடவி ராடைச் சுற்றிப் பார்த்தேன், வழுவழுவென்று போனது. கிராங்கை அப்படியே துணியில் சுற்றிக் கொடுத்தேன். சத்தத்துக்குக் காரணம் வேரியேட்டரின் ஸ்லைடு பீஸ் மூன்றும் என்று பிறகு தெரிந்தது. அந்த மெக்கானிக் கெட்டவர் இல்லை, நன்றாக வேலை தெரிந்தவர்தான். இடது மூடியைத் திறக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவே.

கடைசியாக, ஒன்றுமில்லாத சத்தங்கள். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டிகளில் சாவியைத் திருப்பியதும் இரண்டு மூன்று நொடி ‘உய்ங்’ என்பது பெட்ரோல் பம்ப். இன்ஜெக்டரும் மெல்ல டிக் டிக் என்னும். நிறுத்தியபின் ‘டிங்… டிங்’ என்பது சைலன்சர் ஆறும் சத்தம். குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ஜிவ்வென்று அதிர்வது பெரும்பாலும் சைலன்சர் மேல்மூடியின் ஸ்க்ரூ, அல்லது நம்பர் பிளேட். என் சொந்த வண்டியில் இரண்டு வாரம் கேட்ட ‘டர்ர்’ சத்தத்துக்கு நானே கிராங்க் பேரிங் என்று முடிவு கட்டி, புதுப் பேரிங்கும் வாங்கி வைத்திருந்தேன். வலதுபக்க ஃபேன் கவரைக் கழற்றியதும் ஒரு புளியங்கொட்டை உருண்டு விழுந்தது. பேரிங் இன்னும் அலமாரியில் இருக்கிறது.

நாளைக் காலை வண்டி ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து, நூலிழை ஆக்சிலரேட்டர் சோதனையைச் செய்துவிட்டு என்ன ஆயிற்று என்று எழுதுங்கள். கட கட நின்றுவிட்டால் மெக்கானிக்கிடம் போய் வேரியேட்டரைத் திறக்கச் சொல்லுங்கள், ரோலரும் ஸ்லைடு பீஸும் புதிதாகப் போட்டு, பழையதைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். நிற்காமல் கனத்துக் கேட்டால் அதே இடத்தில் சாவியை அணைத்துவிடுங்கள், பெல்ட் சோதனைக்கு வண்டியை ஆட்டோவில் ஏற்றி அனுப்பலாம்.